புத்தகத்தை மூடிய பிறகு: உயிரியல் தேர்வுக்குப் படித்த அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து ஒரு முன்னாள் தாவரவியல் மாணவி

நாகர்கோவிலில் இளங்கலை படித்த காலத்தில், முக்கியமான வரிகளின் மீது மஞ்சள் பேனாவால் கோடிட்டு, தேர்வுக்கு முந்தைய இரவு வரை அவற்றையே ஐந்தாறு முறை வாசிப்பதைத்தான் நான் படிப்பு என்று நம்பியிருந்தேன். உள்ளமைப்பியல் தேர்வில், இருவித்திலைத் தாவரத் தண்டின் இரண்டாம் நிலை வளர்ச்சியைப் படத்துடன் விளக்குமாறு எட்டு மதிப்பெண் வினா வந்தது. அந்த மஞ்சள் கோடு எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது வரை நினைவுக்கு வந்தது; அங்கே எழுதியிருந்ததுதான் வரவில்லை. தண்டைப் பருக்கச் செய்யும் திசுவான கேம்பியத்தின் வளையத்தை வரைந்து, அதன் உள்ளும் புறமும், நீரைக் கடத்தும் சைலத்தையும் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தையும் இடம் மாற்றிக் குறித்துவிட்டு வந்தேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடுமுறையில் அதே படத்தை நான் மீண்டும் வரைந்துகொண்டிருந்தபோது அருகில் வந்து அமர்ந்தவர், "மக்களே, கத்தி ஆழமா எறங்கினா அந்த எடத்துல முண்டு விழும்லா, அது எதுக்கு?" என்று கேட்டார். புத்தகத்தில் அந்த வினா இல்லை. ஆனால் விடைக்கு வேண்டியவை அனைத்தும் என் படத்திலேயே இருந்தன. பால்குழாய்கள் கேம்பியத்துக்கு வெளியே உள்ள ஃபுளோயத்தில்தான் வளையம் வளையமாக அமைந்துள்ளன. ஆகவே கத்தி பட்டையில் மட்டும் ஓட வேண்டும். கேம்பியத்துக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது எஞ்ச வேண்டும். புதுப் பட்டையை உண்டாக்குவது கேம்பியமே என்பதால், அதில் காயம் பட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுபடி வெட்டுவதற்கு உதவாமல் போகும். அரைமணி நேரம் தடுமாறி இதைச் சொல்லி முடித்தபோதுதான், ஃபுளோயம் வெளியே, சைலம் உள்ளே என்பது எனக்கு ஐயமின்றி விளங்கியது. அன்று முதல் இன்றுவரை அது எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு என் முறை மாறியது. ஒரு பகுதியை ஒருமுறை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் படத்தையும் விளக்கத்தையும் நினைவிலிருந்து எழுதுவேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டவற்றைப் பச்சை மையில் சேர்ப்பேன். முதல் வாரத்தில் தாள் முழுவதும் பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்துப் பழைய முறைக்கே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காலையில் தக்கலை வழியாகச் செல்லும் பேருந்தில், முந்தைய நாள் படித்ததையும், மூன்று நாளுக்கு முன் படித்ததையும், ஒரு வாரத்துக்கு முன் படித்ததையும் கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பேன். உட்கார இடம் கிடைக்காத நாளில் இது இன்னும் நன்றாகவே நடந்தது, ஏனெனில் புத்தகத்தை எடுக்க வழியே இருக்காது.

குளச்சலிலிருந்து ஒரு விலங்கியல் மாணவர்

எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைத் தேர்வின் ஸ்பாட்டர்தான், அதாவது வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து இனங்கண்டு எழுதும் பகுதிதான், என்னைத் தடுமாற வைத்தது. ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகளை நான் எப்போதும் ஒரே வரிசையில் பார்த்துப் படித்திருந்தேன். தேர்வில் வரிசை மாறியதும் சுறாவைப் பற்றி எழுத வேண்டியதைத் திருக்கைக்கு எழுதினேன்.

என் அம்மா மீன் விற்பவர். அடுத்த பருவத்தில், விடியற்காலையில் அவருடன் கடற்கரைக்குச் சென்று, ஏலத்துக்கு வரும் மீன்களை வந்த வரிசையிலேயே பார்த்து வகைப்படுத்தினேன். சாளையில் செவுள் மூடி உண்டு, ஆகவே அது எலும்பு மீன். சுறாவிலும் திருக்கையிலும் மூடி இல்லை, செவுள் பிளவுகள் வெளியே தெரியும், ஆகவே அவை குருத்தெலும்பு மீன்கள். சுறாவுக்கு அப்பிளவுகள் பக்கவாட்டில் இருக்க, திருக்கைக்கு அடிப்புறத்தில் இருக்கும் என்பதை அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். வகைகளைக் கலந்து பார்த்ததால், ஒவ்வொன்றிலும் எதைத் தேட வேண்டும் என்று கண் தானாகப் பழகியது. ஆனால் எல்லாவற்றையும் அந்தத் தாவரவியல் மாணவியைப்போல் அப்பாவிடம் விளக்கிச் சொல்லியே படித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அறிவியல் பெயர்கள் அட்டையில் எழுதி நாள்தோறும் கேட்டுப் பார்த்தால்தான் நிற்கும்.

ஓய்வு பெற்ற ஒரு விரிவுரையாளர்

பச்சை மையைப் பார்த்துச் சோர்ந்ததாக எழுதிய மாணவிக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடும், வாசித்தபின் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முன்னவர்கள் 42 ஆகக் குறைந்தனர், பின்னவர்கள் 56-இல் நின்றனர். தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது அந்த ஐந்து நிமிடத்தின் மயக்கமே.

மீண்டும் குலசேகரத்திலிருந்து

அந்த எண்களை அப்பாவிடம் சொன்னேன். அவற்றில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. கையிலிருந்த செந்துளுவன் (செவ்வாழை) பழத்தைக் காட்டி, இதற்கு ஏன் கொட்டை இல்லை என்று கேட்டார். வாழையின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 11. செந்துளுவன் மும்மடியம், அதாவது அதில் மூன்று தொகுதிகள் உள்ளன என்பதால் 33. பாலணுக்களை உண்டாக்கும் செல் பிரிவான மயோசிஸின் முதல் நிலையில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையோடு சேர வேண்டும். மூன்று மூன்றாக இருப்பவை சரியாக இணைந்து பிரிய இயலாது, ஆகவே பாலணுக்கள் சரிவர உருவாவதில்லை, கொட்டையும் உண்டாவதில்லை. வெற்றுத் தாளை எடுத்து வரைந்து காட்டினேன். அப்படியானால் மட்டி வாழைப்பழத்திலும் மூன்றுதானா என்று அடுத்துக் கேட்டார். மட்டி இருமடியம், அதில் இரண்டு தொகுதிகளே; ஆனால் அதற்கும் கொட்டை இல்லை. இன்று மாலை அதை விளக்க வேண்டும்.