1,44,000 பேர் யார்? விளக்கம் தேவை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தை நான் நடத்த வேண்டும். தெரியாத்தனமாக ஒத்துக்கொண்டேன், இப்போது முழிக்கிறேன்.

தேவனுடைய ஊழியக்காரர் என்று நெற்றியில் முத்திரை போடப்பட்ட 1,44,000 பேர் இஸ்ரவேலின் 12 கோத்திரத்தார், கோத்திரத்துக்கு 12,000 என்று இருக்கிறது. சரி, யூதர்கள்தான் என்று வைத்துக்கொண்டால் பட்டியலில் தாண் கோத்திரத்தைக் காணோம். யோசேப்பும் இருக்கிறார், அவர் மகன் மனாசேயும் தனியாக இருக்கிறார். அப்படியென்றால் இது நேரடிக் கணக்கா, சபை முழுவதற்கும் அடையாளமா? யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் பரலோகம் போகிறவர்களின் சரியான எண்ணிக்கையே இதுதான் என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

இந்தத் தரிசனத்தைக் கண்டு எழுதிய யோவான் தொகையைக் காதால் கேட்கிறார். அப்புறம் 9-ஆம் வசனத்தில் கண்ணால் பார்ப்பதோ எண்ணமுடியாத திரள்கூட்டம். இரண்டும் ஒரே ஜனம்தானா? 5-ஆம் அதிகாரத்திலும் சிங்கம் என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குட்டியைத்தானே பார்க்கிறார்?

14:4-இல் இதே 1,44,000 பேரை ‘முதற்பலன்’, அதாவது அறுவடையின் முதல் விளைச்சல், என்று சொல்வது இன்னொரு சிக்கல். முதற்பலன் என்றால் பின்னால் அறுவடை இருக்க வேண்டுமே.

வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள், போதகர்கள் யாராவது வசன ஆதாரத்தோடு சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. யூடியூப் லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.