மெப் கெஃப்லெஸிகி பாஸ்டன் ஜெயிச்சது லக்கா, இல்ல வேற ஏதாவதா?

மாரத்தான்பித்தன்:
2014 பாஸ்டன் மாரத்தான் ரீப்ளே பாத்ததுலேர்ந்து ஒரே குழப்பம். அமெரிக்காவுக்காக ஓடின மெப்புக்கு அப்போ 39 ஆக ரெண்டு வாரம்தான் பாக்கி, அதுவரைக்கும் மாரத்தான்ல அவரோட பெஸ்ட் டைம் 2:09:08 (2 மணி 9 நிமிஷம் 8 செகண்ட்). கூட ஓடின கென்யாக்காரர் வில்சன் செபெட் 2:05:27 ஓடினவரு. ஆனா மெப் 2:08:37ல முடிச்சு செபெட்ட 11 செகண்டுல ஜெயிச்சுட்டாரு, எப்படிங்க? அப்புறம் கமெண்ட்ல ஒருத்தரு, இவரு அமெரிக்கரே இல்ல, மெடலுக்காக எரித்ரியாலேர்ந்து இறக்குன ஆளுன்னு போட்டிருந்தாரு. நெசமா?

தெருவோட்டம்:
ரெண்டாவது கேள்வி சுத்தப் பேத்தல். 1975ல எரித்ரியா தலைநகர் அஸ்மாராவுல பொறந்தவரு. எத்தியோப்பியாவோட நடந்த விடுதலைப் போர்ல அப்பா உயிருக்கு பயந்து சூடானுக்கு நடந்தே போயி, அங்கேர்ந்து இத்தாலி போயி, பின்னாடி குடும்பத்த வரவழைச்சு, 1987ல எல்லாரும் சான் டியாகோ வந்து சேந்தாங்க. மெப்புக்கு அப்போ 12 வயசு, இங்கிலீஷ் தெரியாது. ஏழாம் கிளாஸ் பி.டி. பீரியட்ல ஒரு மைல் ஓடச் சொன்னப்ப 5:20ல ஓடிட்டாரு, ஓட்டம் ஆரம்பிச்சதே அங்கதான், எரித்ரியாவுல இல்ல. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யூ.சி.எல்.ஏ. யுனிவர்சிட்டில கோச் பாப் லார்சன்கிட்ட சேந்து 1997ல ஒரே வருஷத்துல நாலு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்க காலேஜ் சாம்பியன்ஷிப்) டைட்டில். 1998ல குடியுரிமை. 2009ல நியூயார்க் ஜெயிச்சாரு, 1982க்கு அப்புறம் அங்க ஜெயிச்ச முதல் அமெரிக்க ஆண். அப்பவும் ஒரு பிசினஸ் சேனல்காரரு இதே மாதிரி 'பேருக்குத்தான் அமெரிக்கர்'ங்கற தொனியில எழுதி, திட்டு வாங்கி மன்னிப்பு கேட்டாரு.

கால்வலி_கணேசு:
டைம வச்சு மெப்ப எடை போட்டா ஒண்ணும் புரியாது தலைவா. அவரு பெருசா சாதிச்ச இடமெல்லாம் பாருங்க, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் வெள்ளி, நியூயார்க், பாஸ்டன், மூணுலயும் பேஸர் (வேகத்த சீரா வச்சுக்க முன்னாடி ஓடிக் குடுக்கற ஆளு) கிடையாது, மேடு பள்ளம் வேற, ஏதென்ஸ்ல வெயிலும் சேந்துக்கிச்சு. பெர்லின் மாதிரி சமதரையில பேஸர் பின்னாடி ஓடி எடுத்த 2:05 இங்க அப்படியே செல்லாது. பாஸ்டன்ல அவரும் ஜோஸ்பாட் பாய்ட்டும் எட்டாவது மைல் கிட்ட முன்னாடி போனாங்க, பின்னாடி இருந்த பெருந்தலைங்க வயசானவருதானே எப்படியும் திரும்பி வருவாருன்னு விட்டுட்டாங்க, லீடு ஒரு நிமிஷத்த தாண்டிருச்சு, கடைசில செபெட் துரத்துனாரு பாருங்க, எனக்கே வயித்த கலக்குச்சு. ஆக, விட்டது அவங்க தப்புதான், ஆனா விட்டா புடிச்சுக்கற தெம்பு இருந்தது இவருக்கு மட்டும்தான்.

சும்மா_பாக்கறவன்:
அப்ப லக்குதானே?

தெருவோட்டம்:
ஒரு தடவன்னா லக்குன்னு ஒத்துக்கலாம். 2007 ஒலிம்பிக் ட்ரயல்ஸ்ல (டீமுக்கு ஆள் எடுக்கற ரேஸ்) இடுப்பெலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (விரிசல்), எட்டாவதா வந்து பெய்ஜிங் சான்ஸ் போச்சு, அதே ரேஸ்ல நண்பர் ரயன் ஷே ஓடும்போதே இறந்துட்டாரு. கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் எழுதினாங்க, ரெண்டு வருஷத்துல நியூயார்க். 2011ல ஷூ கம்பெனி காண்ட்ராக்ட புதுப்பிக்கல, 2012 ஜனவரில ட்ரயல்ஸ் ஜெயிச்சு லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம். எத்தன தடவ லக்கு அடிக்கும்?

வெள்ளிவீதி:
2014 பாஸ்டன்ல அவரு நெஞ்சுல குத்தியிருந்த பிப்ப (நம்பர் அட்டை) ஜூம் பண்ணி பாருங்க. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புல இறந்த மூணு பேரு, அப்புறம் சுட்டுக் கொல்லப்பட்ட எம்.ஐ.டி. போலீஸ்காரரு, நாலு பேரு பேரையும் மூலைக்கு ஒண்ணா எழுதியிருப்பாரு. 2013ல இவரே அங்க பார்வையாளரா இருந்து, குண்டு வெடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் கிளம்பியிருக்காரு.

மாரத்தான்பித்தன்:
செம, நன்றி. 38 வயசுல பாடி எப்படி தாங்குச்சு? எனக்கு 41, வாரம் ரெண்டு ஸ்பீட் ஒர்க்கவுட் பண்ணாலே முட்டி கத்துது.

கால்வலி_கணேசு:
அவரு பின்னாடி ஏழு நாள் கணக்கையே விட்டுட்டு ஒன்பது நாள் சுத்துக்கு மாறிட்டாரு. அதே கஷ்டமான ஒர்க்கவுட்டுங்கதான், ஆனா நடுவுல ஈஸி நாள் அதிகம். கொஞ்சம் மைலேஜ எலிப்டிகல் சைக்கிள்ல (நின்னுக்கிட்டே ஓடற மாதிரி மிதிக்கறது) ஓட்டிருவாரு. ஆபீஸ் போறவங்களுக்கு ஒன்பது நாள் கணக்கு ஞாயித்துக்கிழமையோட ஒத்து வராது, அதனால நீங்க ஸ்பீட வாரம் ஒண்ணா குறைச்சுட்டு ஒரு மாசம் பாத்துட்டு வந்து சொல்லுங்க.