வேலையின்மை 5 வீதத்துக்கும் கீழே. வறுமை ஏன் இரண்டு மடங்கு?

வன்னிமகள்:
உலக வங்கிக் கணக்கில், 2019 இல் இலங்கையில் நூற்றுக்குப் பதினொரு பேர் அளவில் வறுமையில் இருந்தார்கள். 2023 இல் கிட்டத்தட்ட 26 பேர். அதே ஆண்டில் வேலையின்மை 4.7 வீதம்தான். வேலைக்குப் போகிற குடும்பங்களும் விழுந்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்? "வேலை கொடுத்தால் போதும்" என்று இனியும் எப்படிச் சொல்வது?

கணக்கன்:
2023 ஐ மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தோம். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றதை நான் மறக்கவில்லை. 2024 இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது, பணவீக்கமும் அடங்கிவிட்டது. இப்போது காசை அள்ளி இறைத்தால் திரும்பவும் அதே குழிதான்.

மலைச்சாரல்:
பணவீக்கம் அடங்கினால் விலை இறங்கியதாகாது அண்ணா. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. அரசின் வறுமைக்கோட்டையே பாருங்கள்: ஓர் ஆளுக்கு மாதம் குறைந்தபட்சச் செலவு 2019 இல் 6,966 ரூபாய், 2024 இல் 16,000 க்கு மேல். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நாட்சம்பளம் 2021 இல் 1,000, 2024 இல் 1,350. அதுவும் பறிக்கிற கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். கணக்கெடுப்பில் அம்மா "வேலை உள்ளவர்".

கணக்கன்:
தங்கச்சி, அரைப்பேர் போடுவது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளத்தைச் சட்டத்தால் மட்டும் உயர்த்தினால் தோட்டங்கள் ஆட்களைக் குறைக்கும். வறியவர் கையில் நேரே கொடுப்பதுதான் வழி. அதற்குத்தான் 2023 இல் சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்தின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தது.

வன்னிமகள்:
அஸ்வெசும தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000. முழுக் குடும்பத்துக்கும்! மலைச்சாரல் சொன்ன கோட்டில் ஓர் ஆளின் செலவுக்கே அது காணாது. மறுபக்கம், பொருள் வாங்கும்போது கட்டும் வற் வரி (பெறுமதி சேர் வரி) 8 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. சவர்க்காரம் வாங்கும் கூலிக்காரரும் முதலாளியும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள்.

அப்புறம் அந்த 4.7. கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே வேலை உள்ளவர். தேடி அலுத்து விட்டவர் கணக்கிலேயே இல்லை. பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் பிள்ளைகளை அம்மம்மாதான் வளர்க்கிறார்.

கணக்கன்:
வற் வரியை 2019 கடைசியில் 15 இலிருந்து 8 ஆக வெட்டியதும் நாடு விழுந்ததற்கு ஒரு காரணம். அதை மறக்க முடியாது. சரி, வசதியுள்ளவரிடம் நேரடி வரியைக் கூட்டி வற் வரியைக் குறைப்பதென்றால் நானும் உங்கள் பக்கம். சம்பள விஷயத்தில் இல்லை.

மலைச்சாரல்:
நாட்சம்பளம் 1,350 ஆக இருந்தபோது ஒரு மாதம் அம்மாவுக்குப் பதினேழு பேர், அதாவது பதினேழு நாள் சம்பளம், விழுந்தது. 1,350 ஆல் பெருக்கினால் 22,950. பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு. வீட்டில் நாங்கள் நான்கு பேர்.