வேளச்சேரி டு சிறுசேரி: மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா?

கேள்வி: தினமும் போக வர 50 கிலோமீட்டர். என் பழைய பெட்ரோல் கார் சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் லிட்டருக்கு 13தான் தருகிறது. மாறலாமா? இருப்பது அடுக்குமாடியில்.

பதில்: எனக்கும் கிட்டத்தட்ட இதே ஓட்டம்தான், மேடவாக்கத்திலிருந்து. என் மின்சாரக் காரில் ஏசியோடு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வருகிறது. நாளுக்கு 7 யூனிட். பத்து ரூபாய் என்று வைத்தாலும் 70 ரூபாய். உங்களுக்குப் பெட்ரோலுக்கே 380க்கு மேல் போகுமே! ஆனால் வீட்டு மீட்டரில் போட்டால் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் கூடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் யூனிட் விலை கூடிய கட்டணப் படிக்குப் போய்விடும். முதல் பில்லைப் பார்த்து என் மனைவி கேட்டதை இங்கே எழுத முடியாது.

இன்னொருவர்: சார்ஜ் எங்கே போடுவீர்கள் சார்? எங்கள் சங்கத்தில் பார்க்கிங்குக்கு வயர் இழுக்க அனுமதி வாங்கவே எட்டு மாதம் ஆனது.

கேட்டவர்: அதைப் பேசிப் பார்க்கிறேன். அப்புறம், மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பேட்டரி தாங்குமா?

பதில்: மூழ்கினால் பெட்ரோல் காரும் காலிதான். பேட்டரிக்கும் சேர்த்து காப்பீடு எடுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் இருக்கவே இருக்கிறது வேளச்சேரி மேம்பாலம், சீக்கிரம் போய் காரை நிறுத்த இடம் பிடியுங்கள்.