காரில் உட்கார்ந்தபடியே சாப்பாடு வாங்கின கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

பெர்ஜுந்தை மகள்

அந்தக் கோழிக்கடைச் செயலியைப் பற்றி நம்ம பத்தாங் பெர்ஜுந்தை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் போடு, காசு கட்டு, நம்பர் போட்ட கட்டத்தில் காரை நிறுத்து, 'வந்துவிட்டேன்' பொத்தானைத் தட்டு, பை தானாக ஜன்னலுக்கு வரும். அதுதானே கதை.

நான் ஷா ஆலாமில் இருக்கிறேன், அம்மா அப்பா ஊரில். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்த சமயம். அப்பாவுக்குச் சமையல் வராது. "மெகி போட்டுக்கிறோம்மா" என்பார். அதனால் ஒரு சாயங்காலம் நானே இங்கிருந்து ஆர்டர் போட்டு, காசும் கட்டி, ரசீதை வாட்சாப்பில் அனுப்பி, "போய் எடுத்துக்குங்கப்பா" என்றேன். அவர் கப்சாய் மோட்டாரில் போனார்.

பொத்தான் என் போனில். கடை அங்கே. தட்டினால் 'நீங்கள் இன்னும் கடைக்கு அருகில் இல்லை' என்று சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, எத்தனை முறை தட்டினாலும். அப்பா பாவம், மூன்றாம் நம்பர் கட்டத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார். கூப்பிட்டால் எனக்கு வேலை கெடும் என்று கூப்பிடவும் இல்லை. நான்தான் பொறுக்க மாட்டாமல் வீடியோ கால் போட்டேன். அப்போதுதான் உள்ளே போய், போனைக் கவுண்டர் பக்கம் திருப்பினார்.

நான் பார்த்தேன். பின்னாடித் தட்டில் எங்கள் பை இருக்கிறது. ஒட்டின சீட்டில் என் பெயர் போனிலேயே படிக்கிற அளவுக்குத் தெரிகிறது. அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "மகள் காசு கட்டிட்டா, ரசீது இருக்கு" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தப் பொண்ணு அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கிற போனைப் பார்த்து என்னிடம், "சிஸ்டம், காக். கெனா தெக்கான் டுலு" என்கிறாள், முதலில் பொத்தானைத் தட்ட வேண்டுமாம். அவரைத் தாண்டி.

கடைசியில் அப்பா பக்கத்து ஒட்டுக்கடையில் நாசி லெமாக் கட்டிக்கொண்டு போய்விட்டார். காசு பிறகு செயலிக்குள்ளேயே வரவாகத் திரும்பி வந்தது. அது போகட்டும். அவர் நின்றுகொண்டிருக்கும்போது என்னிடம் பேசினாளே, அதுதான் இன்னும் போகவில்லை.

வெள்ளை மைவி

அக்கா, உங்களுக்காவது பை கண்ணில் பட்டது. எங்களுக்குப் பையே வேறு.

புரட்டாசி சனிக்கிழமை. அம்மா கோயிலில் இருந்து நேராக வந்திருந்தார். தங்கச்சி பிள்ளைகள் பீட்சா வேண்டும் என்று அடம். சரி, காய்கறி பீட்சா, சீஸ் மட்டும் என்று செயலியில் பார்த்துப் பார்த்துப் போட்டேன். கார் நம்பர், நிறம், மாடல் எல்லாம் கேட்டது, எல்லாம் கொடுத்தேன். இந்த நாட்டில் வெள்ளை மைவி என்று எழுதுவது 'தமிழ்ப் பள்ளி பக்கத்து அரசமரம்' என்று வழி சொல்கிற மாதிரி. எத்தனை பேருக்குப் பொருந்தும்! அன்று என் பக்கத்துக் கட்டத்திலும் ஒரு வெள்ளை மைவி.

பையன் மழையில் ஓடி வந்தான், பெட்டியை ஜன்னலில் நீட்டினான், ஓடிவிட்டான். நம்பர் பிளேட்டைப் பார்த்தானா என்றால் இல்லை. சிக்னல் தாண்டும் முன்னால் அம்மா மூடியைத் திறந்தார். மேலே முழுக்க மாட்டிறைச்சிப் பெப்பரோனி.

அம்மா கத்தவில்லை. மூடியை மூடினார், பெட்டியை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார், ஜன்னலைத் திறந்து மழை உள்ளே அடிக்கிறதையும் பார்க்காமல் கையை வெளியே நீட்டிக் கழுவினார். வீடு போகிற வரை கையை மடியில் வைக்கவே இல்லை.

மேனேஜர் நல்ல மனுசன். மன்னிப்புக் கேட்டார், புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அந்த இன்னொரு மைவிக்காரர் ஈஜோக் பக்கம் போய் எங்கள் குடைமிளகாயைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ.

முன்னாள் கவுண்டர்

நான் இப்படிப்பட்ட கடையில், பெயர் வேண்டாம், சில வருடம் வேலை பார்த்தவன். கடைப் பிள்ளைகளைத் திட்டுவது சுலபம், அதனால் எழுதுகிறேன்.

ராத்திரி ஷிஃப்டில் முன்னால் ரெண்டே பேர் நிற்போம். கவுண்டர், டிரைவ்-த்ரூ, டெலிவரி ரைடர்கள் வரிசை, அதற்கு மேல் இந்தக் கார்க் கட்டம். டேப்லெட்டில் மணி அடிக்கும், 'வண்டி வந்தாச்சு, கட்டம் 2' என்று வரும். அதைத் தட்டி 'கொடுத்தாச்சு' என்று மூடினால்தான் ஆர்டர் கணக்கில் முடியும். வாடிக்கையாளர் பக்கம் பொத்தான் தட்டாமல் நாங்கள் பையைக் கொடுத்துவிட்டால் அது எங்கள் திரையில் திறந்தே கிடக்கும். பிறகு யாராவது 'வரவே இல்லை' என்று புகார் போட்டால் யார் பொறுப்பு? என் ஷிஃப்டில் ஒரு தடவை அப்படி ஆகி, காசு கவுண்டரில் நின்றவன் சம்பளத்தில் பிடித்தார்கள். நின்றவன் நான்தான். பெர்ஜுந்தை அக்கா சொல்லும் பொண்ணு அதைத்தான் யோசித்திருப்பாள்.

சரி, அடுத்தவர்களுக்கு உதவட்டும் என்று சிலது சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, 'துல்லியமான இடம்' என்பதையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் கடை வாசலில் நின்றாலும் நீங்கள் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருப்பதாகத்தான் காட்டும். பேட்டரி சேமிப்பு ஆனில் இருந்தால் செயலி தூங்கிவிடும், கடைக்குள் நுழையும் முன் திறந்தே வையுங்கள். ஆர்டர் போடும் முன் மேலே எந்தக் கிளை என்று பாருங்கள், ஜாலான் பெசார் (பெரிய சாலை) என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள், மலேசியாவில் ஜாலான் பெசார் இல்லாத டவுன் எது? தேடும்போது பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர் வராவிட்டால் பெஸ்தாரி ஜெயா என்று போட்டுப் பாருங்கள், 2007-லேயே மாற்றிவிட்டார்கள். கார் நம்பரை இடைவெளி இல்லாமல் போடுங்கள். நோன்பு மாதத்தில் சாயங்காலம் 6:30 முதல் புக்கா புவாசா (நோன்பு திறப்பு) முடிகிற வரை ஆர்டர் போடவே போடாதீர்கள், எந்தப் பொத்தானும் வேலை செய்யாது, மனிதர்களும்தான். அப்புறம் முக்கியமாக, பேஸ்புக்கில் 'கோழி பாதி விலை' என்று வரும் இணைப்பைத் தட்டி அதிலிருந்து செயலியை இறக்காதீர்கள். கடைச் செயலி பிளே ஸ்டோரில்தான் இருக்கும். எங்கள் லயத்தில் ஒரு அம்மா அப்படி இறக்கி வங்கி விவரம் கொடுத்துவிட்டார். அப்படி ஏதாவது ஆனால் உடனே 997-க்கு அடியுங்கள், மோசடிக்கென்றே 2022-ல் திறந்த எண் அது. வங்கிக்கும் அடியுங்கள்.

கோயில் திடல்

அண்ணே, நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் துல்லியமான இடம், பேட்டரி சேமிப்பு எல்லாம் லைன் இருக்கிறவர்களுக்கு. எங்கள் தோட்டத்தில் செம்பனைக்குள்ளே நுழைந்துவிட்டால் லைன் கிடையாது. கோயில் திடலுக்கு வந்து, சூலம் இருக்கிற பக்கமாகத் திரும்பினால் ரெண்டு கோடு வரும். ஆர்டர் போடுவதே அங்கே நின்றுதான். பத்து பேர் நின்றால் அதுவும் போகும்.

2021 கடைசியில் 3ஜியை மூடினார்கள் இல்லையா, எங்கள் மாமாவின் போன் அன்றிலிருந்து பேசத்தான் உதவுகிறது. புது போன் வாங்கிக் கொடுத்தோம், அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது இது. கடை வாசலில் நிற்கிறேன். டவுனில் லைன் இருக்கிறது, என் டேட்டாதான் தீர்ந்துவிட்டது. செயலி வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, டாப் அப் போடவும் செயலி வேண்டும். உள்ளே போய்க் கேட்கலாம் என்றால் பின்னால் குழந்தை தூங்குகிறது, தனியாக விட முடியாது. பக்கத்தில் ரைடர் தம்பி ஒருத்தன் மோட்டாரில் உட்கார்ந்து தன் ஆர்டருக்குக் காத்திருந்தான். என்ன அக்கா என்றான். சொன்னேன். தன் போனை எடுத்து ஹாட்ஸ்பாட் திறந்து, கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னான். அவன் காதலி பெயர் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ரெண்டாவது எழுத்திலேயே குரல் குறைந்துவிட்டது. நான் பொத்தானைத் தட்டினேன், பை வந்தது. நன்றி சொல்லத் திரும்பினால் அவன் ஆர்டரும் வந்து அவன் போய்விட்டான்.

இலைக்கடை முதலாளி

எல்லோரும் பெரிய கடைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். சின்னக் கடைக்காரன் பக்கமும் கேளுங்கள்.

2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, அதாவது பி.கே.பி., போட்டார்களே, உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றதும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு என்ன மிச்சம்? இலையைச் சுருட்டியா கொடுப்பது? செயலிக்காரர்கள் வந்தார்கள், கமிஷன் கேட்டதும் நான் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். மகன் சொன்னான், வாட்சாப்பில் ஆர்டர் வாங்குவோம், கடை முன்னால் கார் நிற்கட்டும், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று. அப்படித்தான் செய்தோம். மூன்று பொரியல், ரசம் தனி, அப்பளம் காகிதப் பையில். பின்னாடி டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் வைத்துவிட்டு மூடுவோம், முகம்கூடப் பார்க்க மாட்டோம். இருபது வருடமாக எதிரெதிரே பேசிப் பழகின வாடிக்கையாளர்கள்.

போலிஸ்டிரின் பெட்டி சிலாங்கூரில் 2017-லேயே போய்விட்டது. காகிதப் பெட்டியில் சாம்பார் சாதம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். நேரத்துக்கு வராமல் பிறகு என்னைத் திட்டினவர்கள் இங்கேயும் இருப்பார்கள்.

முன்னாள் கவுண்டர் தம்பி சொல்லாமல் விட்ட ஒன்று. கடைக்காரர்கள் ஸ்கிரீன்ஷாட்டை ஏன் நம்புவதில்லை தெரியுமா? கட்டாத காசுக்குக் கட்டின மாதிரி ரசீது செய்து அனுப்புகிறார்கள். எனக்கே வந்தது. கோழி வறுவல் ஆறு, மட்டன் ரெண்டு, பச்சை டிக் போட்ட ரசீது, வங்கிச் சின்னத்தோடு. சாப்பாடு போய்விட்டது. ராத்திரி கணக்கைப் பார்த்தால் காசு வரவே இல்லை. ரசீதில் உள்ள தேதியை உற்றுப் பார்த்தேன், போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து என் போனில் சத்தம் கேட்டால்தான் பை நகரும். அதனால் பெர்ஜுந்தை மகளே, அந்தப் பொண்ணு மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பெர்ஜுந்தை மகள்

ஐயா, முன்னாள் கவுண்டர் அண்ணா, ரசீதை நம்பவில்லை என்று நான் குறைபடவே இல்லை. லொகேஷன் எப்படித் திறப்பது என்றும் கேட்கவில்லை. பையைக் கொடுக்காமல் இருக்கட்டும், விதி விதிதான். ஆனால் "பாக்சிக், மன்னிச்சுக்குங்க, மகளைக் கூப்பிடுங்க" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தச் சிஸ்டம் அதைத் தடுத்தது? முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டின மனுசன். தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் நின்றபோதுகூட அவரிடம்தான் பேசினார்கள்.

முன்னாள் கவுண்டர்

அது சரிதான் அக்கா. பதில் இல்லை.

ஆனால் வேறொன்று. கட்டம் காருக்கு மட்டும் என்று வைத்ததுதான் முதல் கோளாறு. மோட்டாரில் வருகிறவர்களுக்குச் செயலியில் இடமே இல்லை. கார் நம்பர் கேட்கும் இடத்தில் மோட்டார் நம்பரைப் போடலாம், நிறத்துக்குப் பதில் 'சிவப்பு ஹெல்மெட்' என்று குறிப்பில் எழுதலாம். என் மாமா அப்படித்தான் வாங்குகிறார். அதோடு, ஆர்டரை அப்பா பெயரிலேயே, அப்பா நம்பரிலேயே அவர் போனில் ஒரு கணக்குத் திறந்து

வெள்ளை மைவி

அண்ணே, பாதியில் நின்றுவிட்டது உங்கள் பதிவு. டேட்டா முடிந்துவிட்டதா?

இன்னொரு கேள்வி. நானே போய் எடுக்கிறேன், நாற்காலி இல்லை, பரிமாறுகிறவர் இல்லை, பிறகு எதற்கு 6% சேவை வரி?

இலைக்கடை முதலாளி

பொட்டலம் கட்டினாலும் வரி வரிதான் தம்பி. வருடத்துக்கு 15 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விற்கிற சாப்பாட்டுக் கடைதான் அதை வாங்க வேண்டும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8% ஆனபோது சாப்பாட்டை 6 சதவீதத்திலேயே விட்டார்கள். என் கடைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அவ்வளவு விற்றால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யுனிசெல் ஹாஸ்டல்

புதிதாகச் சேர்ந்தவன், எல்லாவற்றையும் படித்தேன். இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்தக் கடை திறந்திருக்கும்? மோட்டாரில்தான் வருவேன். முதலாளி ஐயா, இலைச் சாப்பாடு அந்த நேரத்துக்கு இருக்குமா?

இலைக்கடை முதலாளி

மூன்றரை மணிக்கே தீர்ந்துவிடும் தம்பி. ராத்திரிக்குத் தோசை இருக்கும், பத்தரை வரை. வாட்சாப் போடு, பொத்தான் எதுவும் தட்ட வேண்டாம், வந்து ஹாரன் அடி.