மாமாவின் 2 ஏக்கருக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போடப் பணம் அனுப்பலாமா?

பிறைக்காரன்:
வணக்கம். நான் பினாங்கு பிறையில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாமாவுக்கு 2 ஏக்கர், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை, சம்பா நெல் ஒரு போகம் மட்டும்தான். போர் போடப் பணம் கேட்டார். செலவு நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உழவு, நாற்று, நடவுக் கூலி, களை, உரம், அறுப்பு மெஷின் என்று ஒரு பக்கம் முழுக்கச் செலவு, வரவுக்கு ஒரே ஒரு வரி. பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பணம் அனுப்பத் தயார், ஆனால் போர் போட்டால் அந்த ஒரு வரி மாறுமா?

நெற்கதிர்77:
அவசரப்படாதீர்கள். அந்தக் கடலோரத்தில் பல ஊர்களில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. உப்புத் தண்ணீர் வந்தால் பணமும் போய் வயலும் கெடும். பக்கத்தில் யாரிடமாவது போர் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்கக் கொடுக்கட்டும், அதுவே முதல் வேலை.

விதைச் செலவு குறைய ஒற்றை நாற்று நடவு இருக்கிறது. மடகாஸ்கரில் 1980களில் உருவான முறை. 14 நாள் நாற்று, கால் மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் கட்ட முடிகிற வயலுக்குத்தான் அது சரி. கடைமடையில் ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாமல் நின்றால் அந்தப் பிஞ்சு நாற்று அப்படியே மூழ்கிவிடும். அதனால் மாமாவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

செந்தூல் அக்கா:
தம்பி, சம்பாவுக்குப் பிறகு நிலம் சும்மாவா கிடக்கிறது? உளுந்து போடச் சொல்லுங்கள். என் அம்மா ஊர் திருவாரூர்ப் பக்கம், அங்கே இதுதான் கைக்காசு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் கட்டுவது கிடையாது, மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே வந்துவிடும். ஆடுதுறை 3 ரகம் இதற்கென்றே வந்தது, ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை. பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை 2 விழுக்காடு டிஏபி உரக் கரைசல் தெளித்தால் காய் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கிக் கொடுங்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பார்கள், தை மாதப் பனியில் நெல்லைக் காயவைக்க இடமில்லாதவர்கள்தான் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பிறைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. மாமாவிடம் பேசினேன். முன்பு உளுந்து தெளித்தவர்தானாம், டயர் வைத்த அறுப்பு மெஷின் வந்து முளையெல்லாம் நசுங்கியதும் விட்டுவிட்டாராம். டயருக்குப் பதில் செயினில் ஓடும் அறுப்பு மெஷின், செயின் வண்டி, கிடைக்குமா என்று விசாரிக்கிறார். விதைக்கும் தார்ப்பாய்க்கும் இந்த மாதமே அனுப்புகிறேன், போருக்கு, தண்ணீர் பரிசோதனை முடிவு வந்த பிறகு. செயின் வண்டிக்கு அங்கே மணிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?