கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே மதில், ஆயருக்கு (பிஷப்) எழுதினால் பலன் உண்டா?

கேள்வி: போன மாதம் சித்தி இறந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் கிழக்கே மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு, மேற்கே தலித் கிறிஸ்தவர்களான நமக்கு, நடுவில் ஆளுயர மதில். பலகை எதுவும் கிடையாது, ஆனால் குழி வெட்டுகிறவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நேராக மேற்குப் பக்கம் போய் மண்வெட்டியை வைத்தார். ஆயர் இல்லத்துக்கு எழுதலாமா?

பதில் 1: தாராளமா எழுதுங்க அண்ணே. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அதன் நகலையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் 2: அரசு மட்டும் என்ன? 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித்துகளில் இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்ந்தார்கள், நாம் இன்னும் வெளியே. கோயிலில் தலித், தாலுகா ஆபீஸில் பி.சி.!

பதில் 3: பாட்டிலும் இதே மதில்தான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். எங்கள் சபையில் இன்றைக்கும் பறை என்றால் சாவுக்குத்தானே என்று முகம் சுளிக்கிறார்கள். (கீபோர்டு மட்டும் பெத்லகேமிலிருந்து வந்ததாக்கும்.)

கேட்டவர்: சரி, எழுதியாச்சு. 14 கையெழுத்து, அதில் ஒன்று கிழக்குப் பக்கத்துக்காரருடையது.